பழுப்பு நிற உறை

நம்முடைய ஊர்களில் தபால்காரரை வாசற்படியிலேயே நின்று எதிர்பார்த்த காலம் ஒன்று உண்டு. பிள்ளையிடமிருந்து கடிதம் வரும், மணியார்டர் வரும், பெண்ணுக்கு வரன் நிச்சயமான சமாசாரம் வரும். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் பாட்டி மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்து விடுவாள். எப்போதாவது கெட்ட செய்தி வருவதும் உண்டென்றாலும், தபால் என்றால் நமக்குப் பெரும்பாலும் சந்தோஷமான விஷயந்தான்.

இங்கிலாந்தில் லட்சக்கணக்கான வீடுகளில் நிலைமை வேறு. அங்கே வாசற் கதவிலேயே ஒரு துவாரம் வைத்திருக்கிறார்கள். தபால் அதன் வழியாக வீட்டுக்குள்ளே விழும். வெள்ளை உறை விழுந்தால் பாதகமில்லை. பழுப்பு நிற உறை விழுந்தால், நோயாளியாக உள்ளே படுத்திருப்பவருக்கு மார்பு படபடக்க ஆரம்பித்து விடுகிறது. அதைப் பிரித்துப் பார்க்கத் தைரியமில்லாமல் இரண்டு மூன்று நாள் மேஜை மேலேயே வைத்திருப்பவர்களும் உண்டு. ஏனென்றால், அது சர்க்கார் உறை. வேலை செய்ய இயலாத தமக்குக் கிடைத்து வரும் சகாயத் தொகை இனிமேலும் கிடைக்குமா, குறையுமா, நின்று விடுமா என்பது அதற்குள் இருக்கிறது.

அந்த உறையைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களிடம் சொல்லப் போகிறோம். "இங்கிலாந்துக்காரன் வீட்டு வறுமையைப் பற்றி நமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் நோய்க்குத் தேசம் கிடையாது. அன்றியும், நோயாளியை எப்படி நடத்துவது என்ற பரீட்சை எல்லா நாட்டுக்கும் பொதுவானது. நம்மைவிட முன்னதாகவே அந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்த ஒரு பணக்காரத் தேசம், முதலில் நல்ல மார்க்கு வாங்கிவிட்டு, அப்புறம் எப்படித் தவறியது என்று அறிந்து கொள்வது நமக்கு மிகவும் பயன்படும்.

ரங்கபுரத்தில் பிறந்தவர்

கதையைச் சற்றுப் பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1834-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டம் ஒன்று திருத்தி அமைக்கப்பட்டது. பிழைப்புக்கு வழியில்லாதவர்கள் ஏழை விடுதிகளில் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த விடுதிகளுக்கு ஒரு தத்துவம் இருந்தது. உள்ளே இருப்பவனுடைய வாழ்வு, வெளியே உழைக்கும் மிகத் தாழ்ந்த கூலிக்காரனுடைய வாழ்வைக் காட்டிலும் மோசமாக இருக்க வேண்டும். அப்போதுதான் சோம்பேறிகள் பயந்து வேலைக்குப் போவார்கள் என்பதே அது. சட்டம் பயமுறுத்த நினைத்தது திடகாத்திரமான சோம்பேறியை. ஆனால் காலக்கிரமத்தில் அந்த விடுதிகளை நிரப்பியவர்கள் யார்? நோயாளிகளும், கிழவர்களும், அனாதைக் குழந்தைகளுந்தான். அவர்களை எவ்வளவு பயமுறுத்தினாலும் எழுந்து ஓடச் சக்தி ஏது? இந்த ஒரு விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

1911-ஆம் வருஷத்தில் தேசிய இன்ஷ்யூரன்ஸ் சட்டம் வந்தது. நோயாய்ப் படுத்த ஆண் தொழிலாளிக்கு வாரம் 10 ஷில்லிங் என்று ஏற்பாடாயிற்று. வியாதி நீடித்து, வேலைக்கே லாயக்கில்லை என்று ஆகிவிட்டால் 5 ஷில்லிங்! வியாதி நீள நீளத் தொகை குறுகியது. 1931-ல் உலகமெங்கும் வியாபார மந்தம் ஏற்பட்டபோது, வேலையில்லாதவர்களின் சகாயத் தொகையைப் பத்தில் ஒரு பங்கு குறைப்பதா வேண்டாமா என்ற தகராறிலேயே ராம்ஸே மாக்டொனால்டின் தொழிற்கட்சி மந்திரி சபை உடைந்தது. பிறகு அமைந்த தேசிய சர்க்கார், ஆண்களுக்கு 17 ஷில்லிங்காக இருந்த தொகையை 15 ஷில்லிங் 3 பென்ஸாகக் குறைத்தது. வட்டமேஜை மகாநாட்டுக்காகக் காந்தியடிகள் லண்டனுக்குப் போய், கிழக்கு லண்டனின் ஏழைகள் மத்தியில் தங்கியதும், லங்காஷயர் நெசவுத் தொழிலாளரைக் கண்டு பேசியதும் அதே இலையுதிர் காலத்தில்தான்.

இந்தப் பழைய முறைகளையெல்லாம் மாற்றத் திட்டம் போட்டவர் நம் மண்ணில் பிறந்த ஓர் ஆங்கிலேயர் என்பது வேடிக்கை. வில்லியம் பெவரிட்ஜ் 1879-ல் வங்காளத்து ரங்கபுரத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் இந்தியாவில் நீதிபதியாக உத்தியோகம் பார்த்தவர். ரங்கபுரம் இன்று வங்க தேசத்தில் இருக்கிறது. 1942 டிஸம்பரில், யுத்தம் உச்சத்தில் இருந்த சமயம், பெவரிட்ஜின் அறிக்கை வெளிவந்தது. வறுமை, நோய், அறியாமை, அழுக்குச் சூழல், வேலையின்மை என்னும் ஐந்து ராட்சதர்களை ஒழிக்க வேண்டும் என்று அவர் எழுதினார். சர்க்கார் அறிக்கையை வாங்க ஜனங்கள் கடை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள்!

1948 ஜூலை 5-ந் தேதி திட்டம் அமலுக்கு வந்தது. இலவச வைத்தியமும் அன்றே தொடங்கியது. நோயுற்ற தனி நபருக்கு வாரம் 26 ஷில்லிங். போதிய சந்தா கட்டியிருந்தால், நோய் இருக்கும் வரையில் தொகையும் உண்டு. இதில் பணத்தைவிட முக்கியமான அம்சம் ஒன்று இருந்தது. அது பிச்சையல்ல. உடம்பில் தெம்பு இருந்தபோது வாராவாரம் கட்டிய சந்தாவுக்குப் பதிலாக, தெம்பு போனபோது கிடைக்கும் உரிமை. நோயாளி யாரிடமும் தலை குனிய வேண்டியதில்லை.

சட்டைப் பைக்குக் கை எட்டுமா?

அறுபது வருஷம் கழிந்தது. இடையில் நிலக்கரிச் சுரங்கங்களும் கப்பல் தளங்களும் இரும்பு ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றில் உழைத்து உடம்பைக் கெடுத்துக் கொண்டவர்கள் பலர், 'வேலையில்லாதவர்' பட்டியலிலிருந்து 'நோயாளி' பட்டியலுக்கு மாறினார்கள். முன்னதில் எண்ணிக்கை குறைந்து தெரிந்தபடியால், அப்போதைய சர்க்காருக்கு அது அசௌகரியமாக இல்லை. பிற்பாடு வந்த சர்க்கார்களுக்குத்தான் பின்னதில் இருந்த எண்ணிக்கை கண்ணை உறுத்தியது.

2008-ல் புதிதாக ஒரு பரீட்சை ஏற்படுத்தினார்கள். வேலை செய்யச் சக்தி இருக்கிறதா என்று அளக்கும் பரீட்சை. இதை நடத்தும் பொறுப்பு தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. நோயாளிக்கு வருஷக்கணக்காக வைத்தியம் பார்த்துவரும் டாக்டரின் அபிப்பிராயம் இதில் முடிவானதல்ல. பார்த்திராத ஒருவர், ஒரு மணி நேரம் போலப் பேசிவிட்டு, புள்ளிகள் போடுகிறார். 15 புள்ளி வந்தால் 'வேலைக்கு வரம்புள்ளவர்'. வராவிட்டால் 'வேலைக்குத் தகுதியானவர்'.

கேள்விகளின் மாதிரியைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். கோட்டின் மேல் பையில் ஏதோ வைப்பது போலக் கையைத் தூக்க முடியுமா? அரை லிட்டர் திரவம் உள்ள அட்டைப் பெட்டியை எடுத்து நகர்த்த முடியுமா? 50 மீட்டர் தூரம் போக முடியுமா? முடியாது என்றால் அதற்கு இத்தனை புள்ளி. காலையில் ஒரு தடவை கையைத் தூக்கியவர், எட்டு மணி நேரம் ஓர் ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்து, மறுநாளும் எழுந்து வர முடியுமா என்பதுதான் வாஸ்தவமான கேள்வி. அதை ஒரு மணி நேரத்தில் எப்படி அளப்பது? மூட்டுவாதம், நரம்புத் தளர்ச்சி, மனச்சோர்வு போன்ற வியாதிகளில் நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. பரீட்சை நல்ல நாளில் வந்தால் நோயாளிக்கு அது கெட்ட நாள்!

2013-ல் வேறொரு மாறுதல் வந்தது. அங்கஹீனத்தால் ஏற்படும் அதிகச் செலவுக்கென்று தனியாக ஒரு படி 1992 முதல் கொடுத்து வந்தார்கள். வேலை பார்ப்பவருக்கும் உண்டு, பார்க்காதவருக்கும் உண்டு. அதை எடுத்துவிட்டு, உழைக்கும் வயதினருக்குப் புதிய படி ஒன்றைக் கொண்டு வந்தார்கள். பழைய ஏற்பாட்டில் சுமார் 50 மீட்டருக்கு மேல் நடக்க இயலாதவருக்குப் போக்குவரத்துக்கான உயர்ந்த தொகை கிடைத்தது. புதிய ஏற்பாட்டில் அந்த அளவை 20 மீட்டராகச் சுருக்கி விட்டார்கள். இருபது மீட்டர் என்பது நம் வீட்டுத் திண்ணையிலிருந்து நாலாவது வீட்டுத் திண்ணை வரையில் இருக்கலாம். அந்தத் தூரத்தை வலியோடு கடந்து, அப்பால் முப்பதாவது மீட்டரில் தடுமாறி நிற்பவர், பேனாவின் ஒரு கோட்டால் 'நடக்கக் கூடியவர்' ஆகிவிட்டார். இந்தத் தொகையைக் கொண்டு வாடகைக்கு எடுத்திருந்த விசேஷ மோட்டார் வண்டிகளை ஆயிரக்கணக்கானவர்கள் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்யலாம். அப்படிச் செய்தவர்களில் பத்துக்கு ஆறு ஏழு பேர் வருஷா வருஷம் ஜயித்து வந்திருக்கிறார்கள். இது சந்தோஷமான செய்திதான். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். மாணவர்களின் விடைத்தாள்களைத் திருப்பித் திருத்தும்போது பத்தில் ஆறு ஏழு தப்பாகத் திருத்தியதாகத் தெரிய வந்தால், அந்த உபாத்தியாயரை அந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்துக் கொள்வோமா? அப்பீல் முடிகிற வரையில் மாதக்கணக்காக நோயாளி எதைச் சாப்பிடுவார் என்பது வேறு கேள்வி.

நாளைக்கு நாலு பவுன்

இனி, 2017 ஏப்ரலுக்கு வருவோம். அதுவரை, 'இப்போது வேலை செய்ய இயலாது, பிற்பாடு முடியலாம்' என்று தீர்மானிக்கப்பட்ட நோயாளிக்கு வாரம் 102 பவுன் 15 பென்ஸ் கிடைத்தது. அந்த மாதம் முதல் புதிதாக விண்ணப்பித்தவர்களுக்கு 73 பவுன் 10 பென்ஸ்தான். வேலை தேடும் ஆரோக்கியவானுக்கு எவ்வளவோ அவ்வளவே நோயாளிக்கும். வித்தியாசம் 29 பவுன் 5 பென்ஸ்.

சர்க்கார் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நோயாளிக்கு அதிகப் பணமும், வேலை தேடுபவனுக்குக் குறைந்த பணமும் கொடுத்தால், எல்லாரும் நோயாளி என்று பெயர் வாங்கவே பார்ப்பார்கள். வித்தியாசத்தை எடுத்து விட்டால் வேலைக்குப் போக ஊக்கம் பிறக்கும் என்று சொன்னார்கள். கேட்பதற்குக் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை தேடுகிறவனுடைய வறுமை சில மாதங்களில் தீரக்கூடியது. பழைய செருப்பையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று அவன் பொறுத்துக் கொள்வான். நோயாளியின் வறுமை வருஷக்கணக்கில் நீளுவது. செருப்பும் தேய்ந்து, போர்வையும் கிழிந்து, அடுப்பும் கெட்டுப் போகும் அளவுக்கு நீளுவது. அந்த 29 பவுன் வித்தியாசம் இதற்காகத்தான் இருந்தது.

நேயர்கள் ஒரு கற்பனை செய்து பார்க்கட்டும். இங்கிலாந்தின் வடகிழக்கே ஸண்டர்லாந்து என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. கப்பல் கட்டிப் பெயர் வாங்கிய ஊர். அங்கே கப்பல் தளங்கள் 1988-ல் மூடப்பட்டன. நிலக்கரிச் சுரங்கம் 1993-ல் மூடப்பட்டது. அந்த ஊரில் ஐம்பத்தைந்து வயதான விதவை ஒருத்தி இருப்பதாக வைத்துக் கொள்வோம். இருபது வருஷம் ஒரு சமையற்கூடத்தில் வேலை பார்த்தவள். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப் போயின. 2017-ல் விண்ணப்பித்தாள். வாரம் 73 பவுன் 10 பென்ஸ் அனுமதியாயிற்று. நாளொன்றுக்கு 10 பவுன் 44 பென்ஸ்.

வீட்டு வாடகைக்குத் தனியாகச் சகாயம் உண்டு. ஆனால் பிள்ளை வேலைக்காக வெளியூர் போனபின் அவளுடைய வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. 2013 ஏப்ரல் முதல் நகரசபை வீடுகளிலும் அது போன்ற வாடகை வீடுகளிலும் ஓர் அறை கூடுதலாக இருந்தால், வாடகைக் கணக்கில் நூற்றுக்கு 14 குறைத்து விடுகிறார்கள்; இரண்டு அறை இருந்தால் 25. அந்தக் குறையை அவள் தன் 73 பவுனிலிருந்து போட்டுக் கட்ட வேண்டும். சின்ன வீட்டுக்குப் போகலாமே என்றால், சின்ன வீடு காலியாக இருக்க வேண்டும். ஸ்தல வரியிலும் ஒரு பங்கு அவள் தலைமேல்.

பிறகு மின்சாரம். அவள் வீட்டில் இருப்பது முன்பணம் போடும் மீட்டர். பணம் போட்டால் விளக்கு எரியும். தீர்ந்தால் அணைந்து போகும். ஆரோக்கியமாக இருப்பவர்கள் பகலெல்லாம் வெளியே வேலை பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் வீட்டை உஷ்ணப்படுத்த வேண்டியதில்லை. இவள் பகலிலும் வீட்டில்தான். நடமாட்டமில்லாத உடம்பில் குளிர் சீக்கிரம் ஏறும். குளிர் ஏறினால் மூட்டு வலி ஏறும். ஆகவே மற்றவர்களைவிட இவளுக்கு அதிக உஷ்ணம் வேண்டும். இருப்பதோ மற்றவர்களைவிடக் குறைந்த பணம்.

காய்கறியைச் சுயமாக நறுக்க முடியாது. நறுக்கி வைத்தது விலை அதிகம். மலிவான கடை தூரத்தில் இருக்கிறது; பஸ் நிற்குமிடம் வரை நடக்க முடியாத நாளில் வாடகைக் காரில்தான் போக வேண்டும்; இல்லாவிட்டால் தெருமுனைக் கடையில் அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும். டப்பா மூடியைத் திறப்பதற்குக்கூட ஒரு கருவி வாங்க வேண்டியிருக்கிறது. நோயாளியாக இருப்பது செலவு பிடிக்கும் காரியம் என்று, வீட்டில் யாராவது ஒரு மாதம் படுத்திருந்தால் நம் வீட்டுப் பெண்கள் அடித்துச் சொல்வார்கள்.

குறைத்த தொகை நாளைக்கு 4 பவுன் 15 பென்ஸ். லண்டன் காப்பிக் கடையில் ஒரு கனவான் ஒரு காப்பிக்கும் ஒரு பிஸ்கோத்துக்கும் கொடுக்கிற பணம். ஸண்டர்லாந்து விதவைக்கோ அது மாலை நேரத்தில் அறை சூடாக இருக்குமா, இராதா என்கிற வித்தியாசம்.

பணக் கஷ்டத்தைவிட மனக் கஷ்டம் பெரிது. நல்ல நாள் ஒன்றில் அவள் தோட்டத்தில் துணி உலர்த்துகிறாள். எதிர் வீட்டார் பார்க்கிறார்கள். "இவளுக்கா நோய்?" என்று அவர்கள் நினைப்பார்களோ என்று அவளுக்குத் தோன்றுகிறது. மோசடிக்காரர்களைப் பற்றித் தகவல் கொடுக்கச் சர்க்கார் டெலிபோன் எண் ஒன்று வைத்திருப்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவே நல்ல நாளிலும் வெளியே தலை காட்டப் பயம். சர்க்கார் அனுப்பும் நீண்ட பாரத்தில், தன்னால் என்னென்ன முடியாது என்பதை வரிக்கு வரி எழுத வேண்டும். குளிக்க முடியாததை எழுத வேண்டும். கழிப்பறைக்குப் போவதில் உள்ள சங்கடத்தை எழுத வேண்டும். "இன்று கொஞ்சம் தேவலை" என்று சொல்லித் தன்னையே தேற்றிக் கொள்வது மனித சுபாவம். அந்த ஆறுதலையும் அவள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் புள்ளி குறையும்.

கென் லோச் என்னும் டைரக்டர் 2016-ல் எடுத்த 'ஐ, டானியல் பிளேக்' என்ற படம் இந்த நிலைமையைத்தான் காட்டியது. ஸண்டர்லாந்துக்குப் பக்கத்து நகரமான நியூகாஸிலில் ஒரு தச்சருக்கு மாரடைப்பு வருகிறது. வேலைக்குப் போகக்கூடாது என்கிறார் டாக்டர். வேலைக்குத் தகுதியானவர் என்கிறது பரீட்சை. கான் நகரத்துத் திரைப்பட விழாவில் அந்த வருஷத்து முதற்பரிசு அதற்குக் கிடைத்தது.

பிரபுக்கள் பேசிய ஏழை நியாயம்

இந்த 29 பவுன் வெட்டு எதிர்ப்பில்லாமல் நிறைவேறி விடவில்லை. எதிர்த்தவர்கள் யார் என்பதுதான் ஆச்சரியம். ஜனங்கள் வோட்டுப் போட்டு அனுப்பிய காமன்ஸ் சபை வெட்டுக்குச் சம்மதித்தது. யாரும் வோட்டுப் போடாத பிரபுக்கள் சபை அதைத் திருப்பி அனுப்பியது! சக்கர நாற்காலிப் பந்தயங்களில் 11 தங்கப் பதக்கங்கள் வாங்கிய டானி கிரே-தாம்ஸன் அம்மையாரும், கண் பார்வையற்றவரான லோ பிரபுவும் இந்த எதிர்ப்பில் முன்னணியில் இருந்தார்கள். வருமானத்தைக் குறைப்பதால் நோயாளி வேலைக்கு அருகில் வரமாட்டார், தூரத்தான் போவார் என்பது அவர்கள் வாதம். ஆனால், இது பண விஷயம், பண விஷயத்தில் தங்களுக்கே அதிகாரம் என்று காமன்ஸ் சபை கூறிவிட்டது. 2016 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது.

அதே மார்ச்சில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பட்ஜெட்டில் அங்கஹீனர் படியையும் குறைக்கப் போவதாக அறிவித்தார்கள். இத்தனை மாறுதல்களையும் முன்னின்று நடத்திய மந்திரி இயன் டன்கன் ஸ்மித், "இது நியாயமல்ல" என்று ராஜினாமாச் செய்தார். சர்க்கார் அந்த ஒரு குறைப்பை மாத்திரம் கைவிட்டது. வருஷக் கடைசியில், அங்கஹீனர் உரிமைகளைக் கவனிக்கும் ஐக்கிய நாட்டுச் சபைக் கமிட்டி, பிரிட்டனில் இந்த உரிமைகள் கடுமையாக அல்லது முறையாகத் தொடர்ந்து மீறப்பட்டிருப்பதாக அறிக்கை வெளியிட்டது. சர்க்கார் அதை ஒப்புக் கொள்ளவில்லை.

இவ்வளவு செய்து மிச்சம் பிடித்ததாவது உண்டா? 2013-ல் வந்த புதிய படியினால் நூற்றுக்கு 20 பங்கு செலவு குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் பட்ஜெட் கணக்குகளைச் சுதந்திரமாகப் பரிசோதிக்கும் அலுவலகம் 2019-ல் பார்த்தபோது, மிச்சமில்லை. பழைய முறையே தொடர்ந்திருந்தால் ஆகியிருக்கக் கூடியதைவிட அதிகச் செலவு ஆகியிருந்தது. காரணம் எளிது. பரீட்சையைக் கடுமையாக்கினாலும் உலகத்தில் முடக்குவாதம் குறைந்து விடுவதில்லை.

நோயாளியின் செலவு மாயமாய் மறைவதும் இல்லை. ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாறுகிறது. சர்க்கார் கொடுக்காததைத் தங்கை தன் சம்பளத்திலிருந்து கொடுக்கிறாள்; மகன் வேலையைப் பாதியாகக் குறைத்துக் கொண்டு தாயாரைப் பார்த்துக் கொள்கிறான். குளிரில் கிடந்தவர் ஆஸ்பத்திரியில் வந்து படுக்கிறார். யாருமில்லாதவர் மாதா கோயில் மண்டபத்தில் தர்ம உணவு கொடுக்கிற இடத்தில் போய் நிற்கிறார். இப்படிப்பட்ட உணவு வங்கிகளை நடத்தும் மிகப் பெரிய சங்கம் ஒன்று 2023-24-ல் மட்டும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட உணவு மூட்டைகளைக் கொடுத்தது. ஐந்து ராட்சதர்களை ஒழிக்கப் புறப்பட்ட தேசத்தில்!

கூட்டாமல் விடுவதும் குறைப்பதே

தொகையைக் குறைக்க வெட்டுத்தான் வேண்டும் என்பதில்லை. 2016 முதல் 2020 வரை நாலு வருஷம் பெரும்பாலான சகாயத் தொகைகளை இருந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். விலைவாசி ஏறியது, தொகை ஏறவில்லை. பிறகு 2020-ல் கொரோனா தொற்று வந்தது. புதிய ஒருங்கிணைந்த சகாயத் திட்டத்தில் இருந்தவர்களுக்கு வாரம் 20 பவுன் கூட்டிக் கொடுத்தார்கள். பழைய திட்டத்திலேயே இருந்த நோயாளிகளுக்கு அது கிடைக்கவில்லை. அவர்களுக்கு அரிசியும் ரொட்டியும் பழைய விலைக்கு யார் விற்றார்கள் என்று தெரியவில்லை. ஒன்றரை வருஷத்தில், 2021 அக்டோபரில், கொடுத்தவர்களிடமிருந்தும் அந்த 20 பவுனை எடுத்து விட்டார்கள்.

2024-ல் கட்சி மாறியது; தொழிற்கட்சி சர்க்கார் வந்தது. 2025 மார்ச்சில் அவர்களும் வெட்டு ஒன்றை அறிவித்தார்கள். நோயாளிகளின் எண்ணிக்கை, முக்கியமாக மனநோயாளிகளின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போகிறது; செலவு தாங்காது என்றார்கள். எண்ணிக்கை ஏறியது வாஸ்தவம். அதற்குச் செய்ய உத்தேசித்த பரிகாரத்தைப் பாருங்கள். அங்கஹீனர் படியில், தினசரி வாழ்க்கைக்கான பகுதியைப் பெற மொத்தம் 8 புள்ளி வேண்டும். தலைக்கு ஸ்நானம் செய்ய ஒருவர் உதவி, இடுப்புக்குக் கீழே உடுத்த உதவி, அடுப்பில் சமைக்க முடியாமல் மின்சாரச் சூட்டுப் பெட்டியில்தான் சமைக்க முடிவது, கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒரு கருவி என்று இரண்டிரண்டாகச் சேர்ந்து 8 ஆகலாம். இனிமேல் ஏதாவது ஒரே காரியத்தில் 4 புள்ளி இருக்க வேண்டும் என்றார்கள். அதாவது, எல்லாக் காரியத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இயலாதவருக்கு ஒன்றுமே கிடையாது!

இந்தத் தடவை ஆளுங்கட்சி அங்கத்தினர்களே நூற்றுக்கு மேற்பட்டோர் கிளர்ந்து எழுந்தார்கள். 2025 ஜூலை முதல் தேதி, விவாதம் நடந்து கொண்டிருக்கையிலேயே, சர்க்கார் அந்த ஷரத்தை வாபஸ் பெற்றது. ஆனால் மசோதாவின் மற்றப் பகுதி அந்த வருஷமே சட்டமாயிற்று. அதன்படி, ஒருங்கிணைந்த சகாயத்தில் நோயாளிக்கென்று கூட்டிக் கொடுக்கும் தொகை, 2025-ல் மாதம் 423 பவுனாக இருந்தது, 2026 ஏப்ரல் முதல் புதிதாக வருகிற பெரும்பாலோருக்கு ஏறக்குறைய 217 பவுன். மார்ச்சில் நோயாளியானவருக்கு ஒன்று. ஏப்ரலில் நோயாளியானவருக்கு அதில் பாதி. வியாதி பஞ்சாங்கம் பார்த்து வருமா? தீராத கடும் வியாதியஸ்தருக்கும், ஆயுள் முடியும் தறுவாயில் இருப்பவருக்கும் விலக்கு உண்டு என்பது ஓர் ஆறுதல்.

1834-ல் இருந்த தத்துவத்தை மனத்தில் வைத்துக் கொள்ளச் சொன்னோம் அல்லவா? விடுதிகள் போய்விட்டன, கட்டிடங்கள் பல ஆஸ்பத்திரிகளாகக்கூட மாறிவிட்டன. ஆனால் நோயாளியைச் சற்றுக் கஷ்டத்தில் வைத்தால் எழுந்து நடப்பான் என்கிற நம்பிக்கை மட்டும் இன்னும் சாகவில்லை.

நம் வீட்டுப் பாட்டியின் பொருளாதாரம்

இதையெல்லாம் வாசித்துவிட்டு, "நம்மை ஆண்டவர்கள் லட்சணத்தைப் பார்த்தீர்களா?" என்று திருப்திப் பட்டுக் கொள்ள நமக்கு உரிமை இல்லை. குறைத்த பிறகும் அவர்கள் கொடுப்பது, நாம் இன்னும் கொடுக்க ஆரம்பிக்காத தொகை. நமது அரசியலமைப்பின் 41-வது ஷரத்து, வேலையின்மை, முதுமை, நோய், அங்கஹீனம் ஆகிய காலங்களில் பொது உதவி பெறும் உரிமைக்கு, ராஜ்யம் தன் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு ஏற்பாடு செய்யவேண்டும் என்று கூறுகிறது. கடுமையான ஊனமுள்ள ஏழைகளுக்காக 2009-ல் மத்திய சர்க்கார் ஒரு மாதாந்தர உதவித் திட்டம் தொடங்கியது. அதில் மத்திய சர்க்காரின் பங்கு 2012-ல் மாதம் 300 ரூபாய் ஆயிற்று. அதன்பின் பத்து வருஷத்துக்கு மேல் அந்த எண் அசையவில்லை. மாகாண சர்க்கார்கள் தங்கள் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன. சில தாராளமாக, சில சொற்பமாக. கூட்டாமல் விடுவதும் குறைப்பதே என்று மேலே கண்டோம். அது நமக்கும் பொருந்தும்.

ஆனால் நம்மிடம் ஒரு நல்ல அம்சமும் இருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட மாற்றுத் திறனாளிக்குக் குறைந்த பட்சம் நூற்றுக்கு 25 பங்கு அதிகமாகக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். உடம்பு இயலாதவனுக்குச் செலவு அதிகம் என்ற உண்மையைச் சட்டமே ஒப்புக் கொள்கிறது. லண்டனில் 2017-ல் அழித்த வரியை, டில்லியில் அதற்கு முந்தைய வருஷம் எழுதியிருக்கிறார்கள். எழுதியதை ஏட்டோடு விடாமல் கொடுக்கச் செய்வது நம் பொறுப்பு.

இதற்குப் பெரிய பொருளாதார சாஸ்திரம் வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் காய்ச்சலாய்ப் படுத்தால், பாட்டி என்ன செய்வாள்? பால்காரரிடம் அன்று முதல் அரைப்படி கூட ஊற்றச் சொல்வாள். மற்றவர்களுக்குக் காப்பி கொஞ்சம் தண்ணீராய்ப் போனாலும் போகும். "காய்ச்சல்காரனுக்குக் கஞ்சியைக் குறைத்துப் பாருங்கள், தானே எழுந்து வேலைக்குப் போவான்" என்று எந்தப் பாட்டியும் இதுவரை சொன்னதில்லை. அந்தப் பாட்டிக்குச் செலவு தெரியாதா? கருவேப்பிலைக் கொத்துக்குப் பேரம் பேசுகிறவள் அவள். எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு தேசமும் பெரிய குடும்பந்தானே? அதன் கணக்குப் புத்தகத்தை எழுதுகிறவர்கள், பேனாவை எடுக்கு முன் ஒரு தடவை சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தால் நல்லது. அப்போது, ஸண்டர்லாந்திலாகட்டும், சேலத்திலாகட்டும், நோயாளியின் வீட்டு வாசலில் தபால் விழும் சத்தம் கேட்டால், உள்ளே இருப்பவர் பயப்படாமல் அதைப் பிரித்துப் பார்ப்பார்.